நூற்றி நாற்பதாவது வரி

புத்தகம் வந்து சேர்ந்தபோது அதற்கு மூன்று வயது.
எண்பத்தொன்பது ஒக்டோபர் இதழ்,
விலை பவுணில்.
அட்டையில் ஒட்டி வந்த ஃபிளொப்பியைத்
தாண்டிக்குளத்தில் உரித்தெடுத்துவிட்டார்களாம்.
பசை மட்டும் ஒரு சதுரமாய் மிஞ்சியிருந்தது.
விரல் வைத்தால் அப்போதும் ஒட்டும்.

கொக்குவிலில் கரண்ட் இல்லை.
பற்றரிக்குத் தடை.
ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி.
அந்த வெளிச்சத்தில்
இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க் விளம்பரத்தைக்
காணி பார்க்கப் போனவர்கள்போல்
சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.
"இவ்வளவு இடத்தையும் என்னெண்டு நிரப்பிறது?"
என்றாள் சுபோதினி.

தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் ஒரு விளையாட்டு:
சந்திரனில் கப்பல் இறக்குவது.
இருபத்திரண்டு வரி, பத்துப் பத்தாய் இலக்கமிட்டது.
கொம்பியூட்டரை நாங்கள் இருவரும் கண்டதில்லை.
ஆகவே அவள் கொம்பியூட்டர் ஆனாள்.

பாயில் சப்பாணி கட்டியிருந்து
கொப்பியில் கட்டம் கீறுவாள்.
உயரத்துக்கு ஒரு நிரல், வேகத்துக்கு ஒன்று,
எரிபொருளுக்கு ஒன்று.
நான் இலக்கம் கொடுப்பேன்.
மூக்குக்குள்ளால் "பீப்" என்றுவிட்டு
கணக்குப் பார்த்து அடுத்த வரிக்குப் போவாள்.
மெஷின் சிரிக்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.
ஹெலி சுற்றினால் விளக்கை நூர்ப்போம்.
இருட்டு முடியும்வரை
உயரத்தையும் வேகத்தையும்
வாய்க்குள் முணுமுணுத்தபடி வைத்திருப்பாள்.
மெமரி என்று புத்தகம் சொன்னது
எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கப்பல் இறங்கவில்லை.
கார்த்திகை முழுக்க இறங்கவில்லை.
எரிபொருள் முடிய முடிய
மேலேதான் போனது.

"நூற்றி நாற்பதில பிழை.
சய வரவேணும். சக எண்டு அடிச்சிருக்கிறாங்கள்."
"லண்டனில அச்சடிச்சது பிழைக்குமோ?
உன்ர கணக்கைப் பார்" என்றேன்.
மெஷின் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில்
ஊரே எழும்பி நடந்த மழை இரவில்
நாவற்குழிப் பாலத்தடியில் அவர்களைத் தவறவிட்டோம்.
உரப்பைக்குள் சான்றிதழ்களோடு
ஒக்டோபரையும் சுற்றி வைத்திருந்தேன்.
பாரம் தூக்கிய அம்மா வழிநெடுக ஏசிக்கொண்டு வந்தா.

பாதை திறந்த பிறகு ஒருநாள்
கஸ்தூரியார் வீதியில்
பழைய பேப்பர் நிறுத்துப் போடும் கடையில்
அரைக் கிலோக் கட்டொன்றுக்குள் கிடந்தது நவம்பர்.
ஏழாம் பக்கம், கீழ் மூலை, பெட்டி கட்டிய நாலு வரி.
சென்ற இதழின் நூற்றி நாற்பதாவது வரியில்
சக அல்ல, சய.
வருந்துகிறோம்.

அட்டையில் ஊதா றப்பர் முத்திரை:
சி. மகிழ்நாதன், அரியாலை.
சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம்.
அந்த மனிதரிடம் ஒக்டோபர் இருந்ததோ,
இல்லை, என்ன பிழையென்றே தெரியாமல்
மன்னிப்பை மட்டும் இத்தனை காலம்
பத்திரமாய் வைத்திருந்தாரோ.

சுபோதினி இப்போது பேர்கனில்.
"நீ சொன்னதுதான் சரி" என்றேன் ஃபோனில்.
"என்ன சொன்னனான்?"
"கப்பல். நூற்றி நாற்பது."
"எந்தக் கப்பல்?" என்றாள்.
பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, பிறகு எடுக்கிறேன் என்றாள்.

சயவைச் சகவாக்க ஒரு கோடு போதும்.
மற்றப்பக்கம் வேலை கூட.
அரை பிளேட்டால்
நிமிர்ந்த கோட்டை மெல்லச் சுரண்டினேன்.
தாள் மெலிந்து
பின்பக்கத்துப் பிரிண்டர் விளம்பரம் தெரிந்தது.

கட்டம் கீறித் தனிய ஓட்டினேன்.
ஒன்பதாவது சுற்றில் உயரம் பூச்சியம்.
அங்கிருந்து இருநூற்றிப் பத்துக்குப் போ என்கிறது.
நாங்கள் ஒருநாளும் போய்ச் சேராத வரி.
இறங்கியாயிற்று என்று
திரையில் காட்டச் சொல்லும் வரி.

பேனையை மூடி வைத்தேன்.
அதை மெஷின்தான் சொல்லவேண்டும்.